நாய்க்கும் நாவடக்கம்

குரைத்தல் நாயின் இயல்பு. ஓயாது குரைத்தல் பழக்கம். தபாற்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். நாய்க்கு அது வெற்றி! பயன் தரும் செயல் வலுப்பெறும் என்று 1898-இல் தார்ண்டைக் பூனைகளைக் கூண்டிலிட்டுக் கண்ட விதியே இங்கும் செல்லும். நாம் அதட்டினாலோ, நாமும் உடன் குரைப்பதாகவே அது எண்ணும் போலும்.

அண்டை அயலார் பொறாமல், எங்கள் தெரு இராஜபாளையத்து நாயொன்றை வெளியூரில் விட்டுவர ஏற்பாடாயிற்று. நான் ஒரு மாதத் தவணை கேட்டேன். ‘போதும்’ என்று மெல்லச் சொல்லிக் காத்திருப்போம். வாய் ஓய்ந்த கணமே ஒரு ரொட்டித் துண்டு. மூன்று நொடி அமைதியைப் பத்து நொடியாக வளர்த்தோம். குரைப்புக்குப் பயன் கிட்டாதபோது முதலில் அது மிகும். அவ்வேளை இரங்கி ஈந்தால் உழைப்பெல்லாம் வீண். அந்த அம்மையார் இரங்கவில்லை. நாய் இன்றும் அவ்வீட்டில்தான் இருக்கிறது. திருடனுக்கென்று இரண்டு குரைப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம்.