வருகிறார்கள், வாய் திறக்கிறார்களா?

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)





ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1890-களில், திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து அவரை அழைத்தார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. ஐடா அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. மருத்துவரான அவருடைய தகப்பனார் புறப்படத் தயாராயிருந்தார். ஆண் மருத்துவர் வேண்டாமென்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் மரித்தார்கள். மருத்துவர் இல்லாத கதையாகவே இதை நாம் சொல்லி வருகிறோம். மருத்துவர் இருந்தார், அவரை ஏற்க அந்த வீடுகளுக்கு இயலவில்லை.

இன்று நிலைமை வேறு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 99-க்கும் அதிகமான பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடந்தன. ஸ்தோத்திரம்! ஆனால் வந்த பெண் என்ன சொன்னாள், எதைச் சொல்லாமல் போனாள் என்பது அந்தக் கணக்கில் வராது.

எங்களிடம் ஒரு சகோதரி எட்டாம் மாதத்தில் செக்கப்புக்கு வந்தார். பிரஷர் 160/110. சிறுநீரில் புரதம். "தலைவலி இருக்கிறதா அம்மா?" என்றோம். "நாலு நாளா இருக்கு." ஏன் உடனே வரவில்லை என்று சற்றுக் கடிந்தே கேட்டோம். "போன தடவை கால் வீங்குதுன்னு சொன்னேன். எல்லாருக்கும் வீங்கும், அடுத்த ஆள் வான்னுட்டாங்க."

எங்கே சொன்னீர்கள்? "இங்கதான், சிஸ்டர்."

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. உடனே மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டோம். வலிப்பு வரும் அபாயத்தை இம்மருந்து பாதியாகக் குறைக்கும் என்பது 2002-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில் உறுதியானது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அதன்பின் தாய்மார்களின் மனதை அறிய முயன்றோம். வார்டில் கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான்: "நல்லாப் பாத்துக்கிட்டீங்க." பிள்ளையை இன்னும் கையில் வாங்காதவள் வேறென்ன சொல்வாள்? சில வாரம் கழித்து அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டபோதுதான் உள்ளதைச் சொன்னார்கள். முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வந்து மத்தியானம் வரை நின்றது. திரை இல்லாமல் வயிற்றைப் பரிசோதித்தது. ஸ்கேன் பார்த்துவிட்டு "நார்மல்" என்ற ஒரே வார்த்தை. இவற்றுக்கு நடுவே ஒரு தாய், "அந்தக் கண்ணாடி போட்ட சிஸ்டர் மட்டும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க" என்றார்.

முன்பு 4 முறை என்றிருந்த பரிசோதனையைக் குறைந்தது 8 ஆக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் பரிந்துரைத்தது. எட்டு நாள் கூலியை இழந்து வருகிறவளுக்கு இரண்டு நிமிடம் மட்டும் கொடுத்தால் எப்படி?

உங்கள் காணிக்கையால் இப்போது பெஞ்சுகளும் திரைகளும் வந்துவிட்டன. பிரஷர் பார்த்தபின் அட்டையில் எழுதியதை வாசித்துச் சொல்ல ஒரு சிஸ்டர் தனியே உட்காருகிறார். "வேறென்ன தொந்தரவு?" என்று அவர் இரண்டு முறை கேட்பார். இரண்டாம் முறைதான் பதில் வருகிறது.

பிரசவ அறையில் தாயோ அக்காவோ உடனிருக்க வேண்டும் என்பது பலருடைய ஆசை. உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் இதையே பரிந்துரைத்தது. எங்கள் அறையில் மூன்று கட்டில்கள் ஒட்டி ஒட்டிக் கிடப்பதால், ஒருத்தியின் துணை மற்றவளுக்கு அந்நியராகிறார். நடுவே இரண்டு தடுப்புகள் எழுப்ப வேண்டும். இந்த ஆண்டு அதற்காகவே உங்களிடம் வந்திருக்கிறோம்.