அமுதசுரபியும் ஈனுலையும்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



காரைக்காலுக்கு வடக்கே, இதே கடற்கரையில் அமைந்தது பூம்புகார். மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி நடந்த வீதிகள் அந்நகருக்கு உரியவை. அள்ள அள்ளக் குறையாத அப்பாத்திரம் சாத்தனார் தமிழுக்கு அளித்த பெருங்கனவு. இன்னும் வடக்கே, கல்பாக்கத்தில், குறையாத எரிபொருளைத் தேடும் முயற்சி அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகின்றது.

இயற்கை யுரேனியத்தில் எளிதிற் பிளவுறும் யுரேனியம்-235 நூற்றுக்கு 0.7 பங்கே. எஞ்சியது யுரேனியம்-238. அது நியூட்ரானை ஏற்றுப் புளூட்டோனியமாக மாறும். இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியமோ மிகுதி. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு, 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக் கரையின் மோனசைட்டைக் கண்டறிந்தார். தோரியம் அம்மணலில் உறைகின்றது.

இவ்விருப்பைக் கருதியே ஹோமி பாபா 1950-களில் மூன்று படிகளை வகுத்தார். முதற்படியில் கனநீர் உலைகள் இயற்கை யுரேனியத்தை எரிக்கும். அவற்றின் பயன்பட்ட எரிபொருளிலிருந்து பிரித்த புளூட்டோனியம் இரண்டாம் படியாகிய வேக ஈனுலைக்கு உணவாகும். மூன்றாம் படியில் தோரியம் யுரேனியம்-233 ஆகி எரியும்.

இங்கே காப்பியம் ஒரு நுட்பத்தை நினைவூட்டுகின்றது. அமுதசுரபி கைக்கு வந்தவுடனே சோறு சுரக்கவில்லை. ஆதிரை இட்ட முதற்பிச்சைக்குப் பின்னரே சுரந்தது. தோரியமும் தானே தொடர்வினை நிகழ்த்தாது. புளூட்டோனியமோ யுரேனியமோ முதற்பிச்சை இடவேண்டும். எனவே இரண்டாம் படி தாழ்ந்தால் மூன்றாம் படியும் தாழும்.

அது தாழ்ந்தே வந்துள்ளது. கல்பாக்கத்தில் சோதனை ஈனுலை 1985-இல் இயங்கத் தொடங்கியது. யுரேனியம்-233 கொண்டு இயங்கும் 30 கிலோவாட் காமினி உலை 1996-இல் செயற்பட்டது. 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலைக்கு 2004-இல் கட்டுமானம் தொடங்கிற்று. அவ்வாண்டு டிசம்பர் 26-இல், காரைக்காற் கரையில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்ட அதே ஆழிப்பேரலை அதன் அடித்தளக் குழியையும் நிரப்பியது. உலையின் உள்ளகம் நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. பிற நாடுகளிலும் பாதை எளிதன்று. பிரான்சு சூப்பர்பீனிக்சை 1990-களில் கைவிட்டது. 1995-இல் சோடியம் கசிந்து தீப்பற்றிய மோஞ்சுவை மூட ஜப்பான் 2016-இல் முடிவு செய்தது. ரஷ்யாவின் பி.என்-600 மட்டும் 1980 முதல் மின்சாரம் தந்து வந்துள்ளது.

எனினும் ஒப்புமை ஓரிடத்தில் முறிகின்றது. அமுதசுரபி எச்சம் விடுவதில்லை, அணுவுலை விடுகின்றது. புளூட்டோனியத்தைப் பிரித்து மீண்டும் எரித்தால் நெடுங்கால நஞ்சு குறையும் என்பது ஈனுலையாளர் வாதம். அது மெய்யே, ஆயினும் முற்றும் ஒழிவதில்லை. புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் வேண்டும். சங்கப் பாடல்களின் வயதோ ஏறத்தாழ இரண்டாயிரம். அதுபோற் பன்னிரு மடங்கு.

அத்துணைக் காலம் ஓர் எச்சரிக்கையை எம்மொழி சுமக்கும்? உ.வே.சாமிநாதையர் 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது ஏடு கிடைத்திருந்தது. அதன் பௌத்தச் சொற்களுக்குப் பொருள் உரைப்பார் அரியர். எழுத்து எஞ்சியது, பொருள் மறைந்திருந்தது. தேடித் தேடிக் கேட்டே அவர் அதனை மீட்டார். கழிவைக் கண்ணாடியில் உருக்கி அடைக்கலாம். அது யாதென அறியும் அறிவை அவ்வாறு அடைக்கவியலாது. தலைமுறைதோறும் கற்பித்தே கடத்தவேண்டும்.

ஆதலின் எரிபொருள் எத்தனை நூற்றாண்டு வரும் என்பது பாதிக் கணக்கே. அதன் எச்சத்தை எத்தனை தலைமுறை காக்கவேண்டும் என்பது மறுபாதி. முதற்கணக்கை அறிவியலார் எழுதுகின்றனர். மறுபாதியைக் கேட்டுப் பெறுவதும், அதனை விளங்கும் தமிழில் வழங்குவதும், ஏடு பெயர்த்து எழுதி வாழ்ந்த மரபினராகிய கவிஞர் பெருமக்களின் கடன்.