உள்ளே சாமி இருக்கா, டீச்சர்?

(கப்பல்துறையில் நடைபெற்ற தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையிலிருந்து பஸ் ஏறி வந்த எங்களுக்கு இந்த வெயிலும் புதிது, கடல் காற்றும் புதிது. ஆனால் முகங்கள் புதிதல்ல. இங்கே இருப்பவர்களில் பலர் 1977 கலவரத்திலும் 1983 கலவரத்திலும் லயத்தை விட்டு, சட்டி பானையைக் கூட எடுக்காமல் இறங்கி வந்த குடும்பங்கள். நம் பாட்டன்மார் ஒரே பிரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்தவர்கள். ஆகவே உறவினர் வீட்டுக்கு வந்து பேசுவதுபோலவே பேசப் போகிறோம். சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதுவும் வரும். அதற்கு முன்னால் நம்மைப் பற்றியே கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் பாடசாலைக்குத் தண்ணீர்க் குழாய் போட அனுமதி கேட்டு ஒரு தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். ஆசிரியைகள் இரண்டு பேர். வீட்டுக்குப் போகும் வழி அதுதான் என்பதால் நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியும் கூடவே வந்தாள். ஆபீஸ் படிக்குக் கிட்டப் போனதும் நாங்கள் இருவரும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தோம். கழற்றச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. அப்படி ஒரு பலகையும் அங்கே இல்லை. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சப்பாத்தோடுதான் இருந்தார்கள். அந்தப் பிள்ளை எங்கள் கால்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "உள்ளே சாமி இருக்கா, டீச்சர்?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. தொழிற்சங்கத்தில் பேசுகிறவர்கள் நாங்கள். உரிமை, சமத்துவம் என்று கரும்பலகையில் எழுதுகிறவர்கள். ஆனால் அந்தப் படியைக் கண்டதும் எங்கள் கை தானாகச் செருப்புக்குப் போய்விட்டது. எங்கள் தாய் கழற்றினார், அவருடைய தாயும் கழற்றினார். அவர்களிடமிருந்து அது எங்களுக்கு வந்திருக்கிறது. பித்தளைக் குடம் வருவதுபோல, காதுத் தோடு வருவதுபோலத்தான் பயமும் வழிவழியாக வருகிறது. ஒரு வித்தியாசம், குடம் இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டோம். "இது இப்படித்தான்" என்று எதை நம்பினாலும் மூன்று கேள்வி கேட்பது. இதை முதலில் யார் சொன்னது? எப்போதிலிருந்து? இதனால் யாருக்கு லாபம்? இந்த மூன்றையும் நம் வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, தலையெழுத்து. "நம்ம தலையில எழுதுனது இதுதான்" என்று சொல்லாத லயம் இல்லை. சரி, எழுதியது யார்? தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டித்தான் நம் முன்னோரைக் கூட்டி வந்தார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தலைமன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வழியில் எத்தனையோ பேர் செத்தார்கள். வந்து சேர்ந்தவர்களின் வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியது. அந்தக் கடன் தொகையை எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பெயர். துண்டில் உள்ள கடனை யாராவது கட்டினால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். சொல்லாமல் போனால் சிறை. ஒவ்வொரு தொழிலாளியும் வேலைக்கு இறங்கும் நாளுக்குக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. தலையெழுத்து என்று நாம் அழுதுகொண்டிருந்தபோது வேறொருவர் தலைக்காசு வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடவுள் எழுதியதாக இருந்தால் சட்டசபையில் அடித்துவிட முடியுமா? மனிதர் எழுதியது, அதனால்தான் மனிதர் அடிக்க முடிந்தது.

இரண்டாவது, "நாம் வந்தேறிகள், கேட்பதற்கு நமக்கு என்ன உரிமை?" என்ற எண்ணம். இதுவும் எழுதப்பட்டதுதான். அதற்குத் தேதியும் இலக்கமும் உண்டு. 1931இல் இந்த நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை வந்தபோது நம்மில் பலருக்கும் வாக்கு இருந்தது. கோதண்டராம நடேசய்யர் 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். 1947 தேர்தலிலும் மலையகம் தன் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருடம், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்கும் போனது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒப்பந்தம் செய்தார்கள். "நீ எங்கே இருக்க விரும்புகிறாய்?" என்று நம்மிடம் கேட்டு எழுதிய ஒப்பந்தம் அல்ல அது. நாடற்றவர் என்ற சொல் சட்டத்திலிருந்து முற்றாக நீங்குவதற்கு 2003 வரை காத்திருந்தோம்.

சட்டம் போய்விட்டது. நம் வாயில் அது இன்னும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்று காலை இங்கே ஒரு தம்பி சொன்னார்: "ஊர் எதுன்னு கேட்டா திருகோணமலைன்னு சொல்லிட்டு நிறுத்திக்குவேன். தாத்தா தோட்டத்துல இருந்து வந்தவர்னு சொல்றதில்ல." தம்பி, திருகோணமலை உங்கள் ஊர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தாத்தாவை மறைப்பதற்கு அவர் என்ன குற்றம் செய்தார்? மலையை வெட்டித் தோட்டமாக்கினார். இந்த நாட்டு ரயில் பாதையில் அவருடைய வியர்வை இருக்கிறது. 2023இல் நாம் வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த நடை யாரிடமும் இரக்கம் கேட்டு அல்ல. நாங்கள் நடந்து வந்த வழி இது என்று எல்லோருக்கும் காட்டுவதற்காக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "தோட்டத்தை விட்டால் நமக்கு வாழ்வில்லை" என்று மலையில் இன்றும் நம்புகிறோம். கப்பல்துறையில் வந்து பார்த்தால், வேலி போட்டு, கிணறு வெட்டி, முருங்கை வைத்து வாழ்கிறீர்கள். சும்மா கிடைக்கவில்லை, யுத்தத்தின் நடுவில் மறுபடி மறுபடி ஓடி ஓடிக் கட்டியது என்று தெரியும். இங்கும் கஷ்டம் உண்டு என்றும் தெரியும். ஆனாலும் அந்த நம்பிக்கை பொய் என்பதற்கு நீங்கள்தான் சாட்சி. இதை மலைக்குப் போய்ச் சொல்வோம்.

மூன்றாவது, பெண்கள். ஒரே மலை, ஒரே மழை, ஒரே அட்டைக்கடி. ஆனால் நெடுங்காலமாகப் பெண்ணுக்குச் சம்பளம் குறைவு. கேட்டால், "பொம்பளைக்கு அவ்வளவுதான்" என்பார்கள். பெண்களே அப்படிச் சொன்னார்கள். 1984இல் வேலைநிறுத்தம் செய்து சம சம்பளம் வாங்கினோம். அவ்வளவுதான் என்றது அன்றோடு முடிந்தது. ஆனால் வீட்டுக்குள் முடிந்ததா? சாதாரண தரம் சித்தியடைந்த பிள்ளையைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பக் கூட்டிப்போகும் தாய் எங்களிடம் வந்து, "பொம்பளப் புள்ளைக்கு இதுக்கு மேல எதுக்கு டீச்சர்?" என்று கேட்கிறார். அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டோம். வீட்டில் அடகு நகை மீட்க வேண்டும், கடன்காரர் வாசலில் நிற்கிறார். ஆனால் ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அப்படி வந்த சில தாய்மாரிடம் நாங்களும் ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பிள்ளையால் முடியும் என்று எங்களுக்கே முழு நம்பிக்கை இருக்கவில்லை. அது எங்கள் தவறு. "இவனுக்குக் கணக்கு வராது" என்று ஆசிரியர் ஒருமுறை சொன்னால் அந்தப் பிள்ளை ஆயுள் முழுக்க அதை நம்பும். துண்டில் எழுதியது போலத்தான் அதுவும்.

நான்காவது, சாதி. இதற்கு எந்தத் துரையையும் நாம் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. கங்காணிமார் ஆள் கட்டியபோதே அதுவும் கூடவே கப்பலேறி வந்தது. பிரட்டுக்களத்தில் எல்லோருக்கும் ஒரே சங்கு, ஒரே தராசு. கோயில் திருவிழாவிலும் கல்யாணப் பேச்சிலும் மட்டும் ஏன் வேறு வேறு வரிசை? அதே மூன்று கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இதனால் யாருக்கு லாபம் என்பதற்கு நல்ல பதில் ஒன்றும் கிடைக்காது.

ஐந்தாவது, சங்கம். நம்மையும் விட்டுவைக்கக் கூடாது. "தலைவர் பார்த்துக்குவாரு" என்பதும் வழிவழியாக வந்த நம்பிக்கைதான். முன்பு பெரிய கங்காணி பார்த்துக்கொண்டார், இப்போது தலைவர் பார்த்துக்கொள்கிறார் என்றால் என்ன மாறியது? கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய சந்தாவில்தான் சங்கம் நடக்கிறது. ஆனால் கூட்டத்தில் மேடையைப் பாருங்கள், நாற்காலியில் யார் இருக்கிறார்கள்? நடேசய்யர் 1931இல் அட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய காலத்திலேயே அவருடைய மனைவி மீனாட்சி அம்மை பாட்டுக் கட்டி, தொழிலாளர் மத்தியில் பாடி, கூட்டம் சேர்த்தார். அவ்வளவு முன்னால் தொடங்கிய நாம் இன்னும் மாதர் அணி என்று ஒரு ஓரத்தில் பாய் விரிக்கிறோம். இதை எங்கள் சங்கத்துக்குள்ளும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கேள்வி கேட்பது என்றால் எல்லாவற்றையும் தூக்கி எறிவதல்ல. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் பக்கத்துக் காம்பிராவில் அடுப்பு எரியாது. எல்லோரும் காசு சேர்த்துத்தான் பாடை கட்டுவோம். இதையும் மூன்று கேள்வியால் பாருங்கள். யாருக்கு லாபம்? நம் எல்லோருக்கும். அப்படியானால் அதைக் காப்பாற்றுவோம். காமன் கூத்தும் மாரியம்மன் திருவிழாவும் நம்மைச் சேர்த்து வைக்கின்றன. அவையும் இருக்கட்டும். அரிசியைப் புடைப்பது அரிசியைக் கொட்டுவதற்கல்ல, கல்லை எடுப்பதற்கு.

இதற்கெல்லாம் தெம்பு எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். ஒரு பெண்கள் கூட்டத்தில் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டோம். மகனுக்கு வேலை, மகளுக்குக் கல்யாணம், வீட்டுக்குக் கூரை என்றார்கள். "அது சரி, உங்களுக்கு?" என்றோம். ரொம்ப நேரம் சத்தமில்லை. கடைசியில் ஒரு அம்மா சொன்னார்: "சம்பளச் சிட்டையில என்னென்ன வெட்டியிருக்குன்னு நானே வாசிக்கணும்." நாங்கள் கேட்டதிலேயே தெளிவான பதில் அதுதான். மற்றவருக்காக உழைக்கும் தெம்பு நம்மிடம் எப்போதும் இருக்கிறது. தனக்கென்று ஒன்று வேண்டும் என்று சொல்லத்தான் நமக்குப் பழக்கமில்லை. அதைச் சொன்ன பிறகு அந்த அம்மா வாரம் இரண்டு நாள் பேத்தியோடு உட்கார்ந்து எழுத்துப் படிக்கிறார்.

ஆகவே ஒரு வேலை தருகிறோம். அடுத்த சம்பளச் சிட்டையைப் பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள். எத்தனை பேர் விழுந்திருக்கிறது, எத்தனை அரைப்பேர், எத்தனை கிலோ என்று பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம், தோட்டத்தின் பங்கு 12 சதவீதம். நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம், அது முழுக்கத் தோட்டம் கட்ட வேண்டியது, உங்களிடம் வெட்டக் கூடாது. சங்கச் சந்தாவும் அதில் இருக்கும். அதற்குக் கணக்கு எங்களிடம் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற தலைவர் உங்களுக்குத் தேவையில்லை. நகர்ப்புறத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் கப்பல்துறைப் பிள்ளைகளுக்கும் இதே 8, 12, 3தான். அன்று நம் பாட்டன் துண்டில் இருந்ததை வாசிக்க முடியாமல் கடனாளியானார். இன்று சிட்டையை வாசிக்கக்கூடிய பிள்ளை நம் வீட்டிலேயே இருக்கிறது.

1940 ஜனவரி 10ஆம் தேதி முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் விழுந்த கோவிந்தன் ஒரு சாதாரணத் தொழிலாளி. கேட்கக்கூடாது என்று சொல்லப்பட்ட இடத்தில் கேட்டவர்களோடு நின்றார். நம் காலத்தில் வாசிப்பதற்கும் கேட்பதற்கும் அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை. அந்த விலையை அவர் கொடுத்துவிட்டார்.

கடைசியாக அந்தப் பிள்ளைக்கு வருவோம். தண்ணீர்க் குழாய் விஷயமாக மறுபடியும் அதே ஆபீசுக்குப் போனோம். படிக்கு வந்ததும் கை செருப்புக்குத்தான் போனது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். செருப்போடு உள்ளே போனோம். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் கவனிக்கவே இல்லை. இத்தனை வருடமும் கழற்றச் சொன்னது உள்ளே இருந்தவர்கள் அல்ல, நமக்குள் இருந்த ஒன்று என்று அன்றுதான் விளங்கியது. அனுமதி இன்னும் வரவில்லை. மறுபடியும் போவோம். இந்த முறை அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், உள்ளே சாமி இல்லை, நம்மைப் போல மனிதர்தான் இருக்கிறார்கள் என்று காட்டுவோம்.