சம்பள ஏற்றம் கேட்டு லண்டன் வரை போன வழக்கு
(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யாழ்ப்பாணத்துப் பக்கம் ஒரு காலத்தில் 'உத்தியோகம்' என்றாலே அரசாங்க எழுதுவினைஞர் வேலைதான். பிள்ளை படித்து அந்தக் கதிரையில் உட்கார்ந்தால் வீட்டில் அடுப்பு எரியும். 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானபோது அந்த அடுப்பில்தான் கை வைத்தார்கள்.

செல்லையா கோடீஸ்வரன் 1952இலேயே வேலைக்குச் சேர்ந்த தமிழ் எழுதுவினைஞர். 1961 டிசம்பரில் திறைசேரி ஒரு சுற்றறிக்கை விட்டது: சிங்களப் பரீட்சை தேறாவிட்டால் வருடாந்த சம்பள ஏற்றம் இல்லை. 1962 ஏப்ரலில் அவருடைய ஏற்றம் நின்றது. நம்ம பாசையில சொன்னா, நாள் பூரா மலையில நின்னவருக்கு அரைப்பேர் போட்ட மாதிரி. அவர் வழக்குப் போட்டார்.

1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கும் சட்டத்தைத் தடுத்திருந்தது. மொழிச் சட்டம் அதற்கு முரண் என்றார் நீதிபதி. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிப் பக்கமே போகவில்லை. அரசாங்க ஊழியர் சம்பளம் கேட்டு வழக்காட முடியாது என்று சொல்லித் தீர்ப்பைப் புரட்டியது. அப்ப சம்பளம் என்ன, துரை பார்த்துக் கொடுக்கிற தீபாவளிச் சந்தோசமா?

அப்போது நமக்கு மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம், 1969 டிசம்பர் 11இல், சம்பளம் கேட்டு அரசின் மேலேயே வழக்குத் தொடரலாம் என்று தீர்த்தது. மொழிக் கேள்வியை மட்டும் இங்கே தீர்க்கும்படி திருப்பி அனுப்பியது. அது தீர்க்கப்படவே இல்லை. 1971இல் லண்டன் கதவு மூடப்பட்டது. 1972 அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே இல்லாமல் போனது.

இந்த 29 நமக்கும் பழைய ஆள்தான். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்ம பெரியவங்க வாக்கை இழந்தபோது, கொடக்கன்பிள்ளை வழக்கு இதே பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் லண்டன் போனது. 1953இல் தோற்றது. பிரஜாவுரிமை முழுசாகக் கிடைக்க 2003 வரை காத்திருந்தோம்.

கோடீஸ்வரன் கையில் இருந்தது சுற்றறிக்கையும், ஏற்றம் எந்தத் திகதிக்கு என்ற கணக்கும்தான். நம்ம வீட்டில் சம்பளச் சீட்டு எங்கே இருக்கிறது? பிள்ளைக்கு மூக்குத் துடைக்கப் போயிருக்கும்! பேர் குறைந்தாலும், சேமலாப நிதி கட்டாமல் விட்டாலும், தொழில் அலுவலகத்தில் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கிற சீட்டுகளை எடுத்து வாங்க. மாதவாரியாக அடுக்கிப் பார்ப்போம்.