காருக்குள் ஓர் ‘ஊய்ங்’ சத்தம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, “உன் துறையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா” என்றார். என் துறை மோட்டார் டிரைவ். அதைப் பற்றிப் பேசினால் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். ஆகவே அதற்குப் பக்கத்து வீட்டு விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். காரில் கடைக்காரரிடம் கொடுத்துப் புதிதாக ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் மாட்டுகிறோம். பாட்டுக்கு நடுவே ‘ஊய்ங்’ என்று ஒரு சத்தம் வருகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் சுருதி ஏறுகிறது. காலை எடுத்தால் இறங்குகிறது. இங்கே கார் வைத்திருப்பவர்களில் சிலர் தலையாட்டுவது தெரிகிறது. உங்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் அந்தச் சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். மாணவர்கள் காகிதம் எடுத்துக்கொண்டால் நல்லது. ஆல்டர்னேட்டர் என்பது மூன்று ஃபேஸ் மெஷின். உள்ளே ஆறு டையோடு வைத்த ரெக்டிஃபயர். பல கார்களில் ரோட்டருக்கு 12 துருவம், அதாவது 6 ஜோடி. இன்ஜின் 800 ஆர்.பி.எம்.மில் சும்மா ஓடுகிறது, புல்லி விகிதம் இரண்டரை என்று வைத்துக்கொண்டால் ஆல்டர்னேட்டர் 2000 ஆர்.பி.எம்.மில் சுற்றும். அது 200 ஹெர்ட்ஸ். ஆறு பல்ஸ் ரெக்டிஃபயர் என்பதால் டி.சி.யின் மேல் 1200 ஹெர்ட்ஸ் அலை சவாரி செய்யும். இன்ஜின் 2400க்குப் போனால் அது 3600 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைதான். காரும் சரியாக அந்த இடத்திலேயே கூவுகிறது! எட்டாம் கட்டையில் ஒருவர் காதுக்குள் பாடுகிற மாதிரி.

எல்லாச் சத்தமும் இது அல்ல. ‘டிக் டிக் டிக்’ என்று இன்ஜின் வேகத்தோடு வந்தால் ஸ்பார்க் பிளக் பக்கம் சந்தேகப்படலாம். ரெசிஸ்டர் இல்லாத மலிவு பிளக் போட்டிருப்பார்கள், அல்லது பிளக் ஒயர் பழுதாகியிருக்கும். டீசல் காரில் பிளக் பொறியே கிடையாது, ஆகவே அங்கே அதைத் தேடவேண்டாம். ரேடியோவில் மட்டும் கரகரப்பு, பென் டிரைவில் சுத்தமாக இருக்கிறது என்றால் அது ஆன்டெனா வழியாக வருவது. இப்போது சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மலிவு யு.எஸ்.பி. சார்ஜரும், பின்னால் போட்ட எல்.இ.டி. ஹெட்லைட்டும் எஃப்.எம். ஸ்டேஷனையே விழுங்கிவிடுகின்றன. கழற்றிப் பாருங்கள், பாட்டு திரும்பி வரும். இவை சுலபமான கேஸ்கள். கஷ்டம் ‘ஊய்ங்’தான், ஏனென்றால் அதைப் பற்றித்தான் கடைகளில் அதிகக் கட்டுக்கதை இருக்கிறது.

இங்கே என் தாய்மாமா கார் கதையைச் சொல்ல வேண்டும். அவர் ஒரு பெட்ரோல் கார் செகண்ட்ஹாண்டில் வாங்கி, ஹெட் யூனிட்டும், டிக்கியில் ஒரு ஆம்ப்ளிஃபயரும், சப்-ஊஃபரும் மாட்டினார். அன்று சாயங்காலமே ‘ஊய்ங்’. கடைக்குத் திரும்பிப் போனார். ஒரு ஃபில்டர் போட்டார்கள். மறுபடி போனார். ஆர்.சி.ஏ. கேபிளை மாற்றினார்கள். மூன்றாவது தடவை இன்னொரு ஃபில்டர். நான்காவது தடவை மாமா கடையிலேயே சத்தம் போட்டுவிட்டார். கடைக்காரர் மாட்டின பையனைக் கூப்பிட்டு, “ஆம்ப்ளிஃபயரை மாத்திக் குடுத்துடறேன் சார், அந்தக் காசு இவன் சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சுக்கறேன்” என்றாராம். ஒன்பதாயிரம் ரூபாய். பையன் ஐ.டி.ஐ. முடித்தவன், இருபது வயதுகூட இருக்காது. மாமாவுக்கு அங்கேதான் மனசு கேட்கவில்லை. எனக்குப் போன் செய்தார். “டேய் மாப்ளே, நீ எலக்ட்ரிக்கல் படிச்சவன்தானே? ஞாயித்துக்கிழமை வாடா. அந்தப் பையன் தப்பு பண்ணியிருந்தா பண்ணினான்னு சொல்லு, இல்லேன்னா இல்லேன்னு சொல்லு.”

போனேன். பையனும் வந்திருந்தான். வந்ததும் முதல் வார்த்தை, “சார், நான் பெயின்ட் சுரண்டித்தான் சார் எர்த் போட்டேன். நீங்களே பாருங்க” என்றான். பார்த்தேன். டிக்கியில் தகடு பளபளவென்று தெரியும்படி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, லக் கிரிம்ப் செய்து, ஸ்டார் வாஷர் வைத்து இறுக்கியிருந்தான். ஒயர் நீளம் ஒரு அடிதான். நேர்த்தியான வேலை. ஆனால் நேர்த்தி சாட்சி ஆகாது, மீட்டர்தானே பேச வேண்டும்?

ஒரு சின்னச் சாமான் செய்து கொண்டுபோயிருந்தேன். இரண்டு ஆர்.சி.ஏ. பிளக் வாங்கி, நடு முள்ளையும் வெளி உறையையும் உள்ளேயே சேர்த்துப் பற்றவைத்தது. ஆம்ப்ளிஃபயரில் வந்து சேரும் கேபிளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இதைச் செருகினேன். ஆம்ப்ளிஃபயரின் வாயைக் கட்டிய மாதிரி. (ஹெட் யூனிட்டின் அவுட்புட்டில் இதைச் செருகக் கூடாது, அது ஷார்ட் ஆகிவிடும்.) இன்ஜினை ஓட்டினோம். சத்தமே இல்லை. அப்படியானால் ஆம்ப்ளிஃபயரும், அதன் பவர் ஒயரும், பையன் போட்ட எர்த்தும் சத்தத்தை உண்டாக்கவில்லை. அது ஆர்.சி.ஏ. வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. இந்த ஒரு சோதனைக்கு ஆன செலவு நாற்பது ரூபாய். அதற்கு முன்னால் மாமா ஃபில்டருக்கே இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்திருந்தார்.

அப்புறம் பேட்டரி நெகட்டிவிலிருந்து ஐந்து மீட்டர் ஒயர் ஒன்றை உள்ளே இழுத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை அதில் வைத்தோம். இன்ஜின் ஓட்டம், ஹெட்லைட் ஆன், ஏ.சி. ஊதி முழு வேகம். டிக்கி எர்த்தில் தொட்டால் 0.03 வோல்ட். ஹெட் யூனிட்டின் உடம்பில் தொட்டால் 0.38 வோல்ட்! ஆர்.சி.ஏ. கேபிளைக் கழற்றினோம், ஹெட் யூனிட்டில் அது 0.46 ஆக ஏறியது. மாணவர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பாட்டு போகிற கேபிளைக் கழற்றினால் எர்த்தின் வோல்டேஜ் ஏன் ஏற வேண்டும்?

அந்தக் கேபிளின் உறை வழியாக டாஷ்போர்டின் கரண்ட் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது, அதனால்தான். ஊதியும் ஹெட் யூனிட்டும் மற்றதும் சேர்ந்து எர்த் பாயின்ட் வழியாகப் பாடிக்குப் போக வேண்டும். அந்த வழி அடைத்திருக்கிறது. கரண்ட் சும்மா இருக்குமா? கேபிள் உறை வழியாக டிக்கிக்குப் போய், பையன் அழகாகப் போட்டுவைத்த எர்த்தில் இறங்குகிறது. ஒரு ஆம்பியருக்கு மேல் போயிருக்கும். ஆம்ப்ளிஃபயருக்கோ உறைதான் பூஜ்யம். உறையில் ஆடுகிற ஆல்டர்னேட்டர் அலையையும் பாட்டு என்று நினைத்து அது பெருக்கித் தருகிறது. பையன் சுமாராக எர்த் போட்டிருந்தால் சத்தம் கொஞ்சம் குறைவாகக்கூட இருந்திருக்கும்!

நாம் பரீட்சைத்தாளில் மூன்று கோடு போட்டு எர்த் குறி வரைகிறோம். பத்து இடத்தில் வரைந்தாலும் பத்தும் ஒரே புள்ளி, எல்லாம் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு கணக்கை முடிக்கிறோம். பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. இரண்டு மில்லி ஓம் என்பது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். 50 ஆம்பியர் போனால் அதே இரண்டு மில்லி ஓமில் 0.1 வோல்ட் விழும். மெதுவாகப் பாட்டு வைக்கும்போது கேபிளில் வருகிற பாட்டே அவ்வளவு இருக்காது. கிர்ச்சாஃப் இந்தக் காரிலும் இருக்கிறார். கரண்ட் எங்கே போகிறது என்று கேட்ட நாம், எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்றும் கேட்க வேண்டும்.

எர்த் பாயின்ட்டைத் தேடினோம். முன்சீட்டில் இடது பக்கம் உட்காருபவரின் காலருகே, பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளே இருந்தது. கார் மாமா கைக்கு வருவதற்கு முன்னாலேயே அந்தப் பக்கம் எங்கோ இடித்து, டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பட்டறையில் போல்ட்டைத் திரும்ப மாட்டியபோது லக்குக்கும் தகட்டுக்கும் நடுவே பிரைமரும் பெயின்ட்டும் அப்படியே இருந்தன. போல்ட்டின் மரை மட்டும்தான் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பையனே சுரண்டினான், இறுக்கினான், துரு பிடிக்காமல் மேலே வாஸலின் தடவினான். மறுபடி மீட்டர் வைத்தோம். 0.04 வோல்ட். பாட்டு போட்டோம். ஃபில்டர் இரண்டையும் கழற்றிய பிறகும் ஊய்ங் இல்லை. மாமா ஆக்ஸிலரேட்டரை நாலைந்து தடவை மிதித்து மிதித்துப் பார்த்தார், நம்பிக்கை வராமல். அளவுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, கடைக்காரரிடம் காட்டச் சொல்லிப் பையன் கையில் கொடுத்தேன். சம்பளத்தில் பிடிக்கவில்லை என்று மாமா பிறகு சொன்னார்.

கடைகளில் சொல்லும் மற்ற விஷயங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பவர் ஒயரை ஒரு பக்கமும் ஆர்.சி.ஏ. கேபிளை மறு பக்கமும் இழுங்கள் என்பார்கள். செய்யுங்கள், நல்ல பழக்கம். ஆனால் ஊய்ங் வந்தபின் கார்பெட்டை எல்லாம் பிரித்து ஒயரை இடம் மாற்றுவதில் பெரும்பாலும் கூலிதான் செலவு. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்பது ஒன்றுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மர். அது சத்தத்தை நிறுத்தும், ஆனால் மலிவுச் சரக்கு கூடவே பேஸையும் சாப்பிட்டுவிடும். நோயைக் கண்டுபிடித்தபின் வேறு வழியே இல்லையென்றால் போடலாம். பவர் ஒயரில் போடுகிற ஃபில்டர், உறை வழியாக வருகிற சத்தத்தை ஒன்றும் செய்யாது. கதவுக்குக் காவல் போட்டு ஜன்னலைத் திறந்து வைப்பதற்குச் சமம். மீட்டரை ஏ.சி.யில் வைத்துப் பேட்டரி முனையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டர் டையோடு போயிருக்கலாம், அதை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

நீங்களே கை வைப்பதாக இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எர்த்துக்குச் சுலபமாக இருக்கிறதென்று சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள், அது உயிர் சமாச்சாரம். மஞ்சள் உறை போட்ட ஒயர் ஏர்பேக்குடையது, அதில் மீட்டர் முள்ளைக் குத்த வேண்டாம். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் பவர் ஒயரில் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத கார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஒயர் எங்காவது உராய்ந்து தகட்டில் பட்டால் ஊய்ங் சத்தம் வராது, புகைதான் வரும்.

மின்னணுவியல் மூன்றாமாண்டு மாணவி ஒருவர் கை தூக்கி, “சார், மீட்டர் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாதா?” என்று கேட்டார். ஓரளவு முடியும். சத்தம் வரும்போது ஊதியை அணைத்துப் போடுங்கள். சத்தம் உடனே மாறினால் டாஷ்போர்டு எர்த்தை முதலில் பாருங்கள். ஹெட் யூனிட்டுக்குப் பதில் செல்போனை, சார்ஜர் போடாமல், ஆம்ப்ளிஃபயரில் நேரே இணைத்துப் பாட்டு வையுங்கள். சுத்தமாகக் கேட்டால் ஆம்ப்ளிஃபயரைத் திட்ட வேண்டாம்.

வாயடைக்கும் பிளக் நாலு ஜோடி செய்து கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு ஜோடியை மின்னணுவியல் ஆய்வகத்தில் கொடுத்துவிட்டேன். மீதி என் பையில் இருக்கிறது. என் வண்டி மெஸ்ஸுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் நிற்கிறது. அதில் ஒரு எர்த் போல்ட்டை வேண்டுமென்றே தளர்த்தி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், எது என்று கண்டுபிடியுங்கள். மீட்டர் நான் தருகிறேன்.