ஈரம் பார்த்துப் பலகாரம்

பலகாரம் எத்தனை நாள் தாங்கும்? அதை முடிவு செய்வது அதிலுள்ள ஈரம். காரைக்குடி செக்காலைப் பக்கம் செய்யும் விசேஷ இனிப்புகள் இரண்டைப் பாருங்கள். ஒன்று, கவுனி அரிசி. கறுப்பரிசியை ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய் சேர்ப்பார்கள். ஈரம் அதிகம், அன்றைக்கே சாப்பிட வேண்டும். இன்னொன்று, அதிரசம். அதுவும் அரிசிதான். ஆனால் பல நாள் தாங்கும். காரணம், வெல்லப்பாகு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பெட்டகச் சாவி ஆச்சி இடுப்பில் இருந்தால், பிறர் கை உள்ளே போகாது. அப்படித்தான், பாகு பிடித்த ஈரம் கிருமிகளுக்குக் கிடைப்பதில்லை.

‘வெல்லம் போட்டால் போதுமா?’ என்று கேட்கலாம். போதாது. பாகு பதம் இளகிப்போனால் ஈரம் மிஞ்சும். அதிரசத்திலும் பூசணம் பூக்கும். ‘ஃபிரிட்ஜ்தான் இருக்கிறதே?’ என்பார்கள். உண்மை, கவுனி அரிசி கெடுவது தள்ளிப்போகும். ஆனால் வெந்த அரிசி குளிரில் விறைக்கும். அதன் மென்மை போய்விடும். தேன்குழல், சீப்புச் சீடை போன்ற மொறுமொறு பலகாரங்களுக்குச் சிக்கல் வேறு. அவற்றில் ஈரம் குறைவு. ஆனால் வெளிக்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இவற்றைச் செய்யும் தீபாவளி வருவதோ ஐப்பசி மழையில். எனவே நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போட்டு, இறுக மூடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவியே ஈரமாகிவிடும்.

ஆகவே நேயர்களே, ஈரமான இனிப்பை அன்றைக்கு வேண்டிய அளவே செய்யுங்கள். ஊருக்குக் கொடுத்தனுப்ப, பாகு பதம் தேறிய அதிரசம் செய்யுங்கள். ஈரம் பார்த்துச் செய்தால் பலகாரம் வீணாகாது.