பங்களா யாருடையது, பேய் யாருடையது?

(சிங்கப்பெருமாள் கோவிலில் ஞாயிறு மாலை நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிடித்த பேய்ப் படங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். போன கூட்டத்தில் பூனா ஒப்பந்தம், இந்தக் கூட்டத்தில் பேய்ப் படமா என்று பின்னால் ஒரு தோழர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். டிக்கெட் வாங்கிக்கிட்டு யாருடைய பயத்தை நாம பயப்படுகிறோம் என்று கேட்டுப் பார்த்தால் இதுவும் அரசியல்தான் என்று தெரியும்.

தமிழ்ப் பேய்ப் படத்தில் முதலில் ஒரு பங்களா இருக்கும். அதற்கு ஒரு ஜமீன்தாரோ ராஜாவோ பணக்காரரோ சொந்தக்காரர். அங்கே ஒரு கொலை நடந்திருக்கும். செத்தது யார்? 1963இல் ஸ்ரீதர் எடுத்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’யில் ஜமீன் மகனைக் காதலித்த ஏழை வீட்டுப் பெண். 2005இல் வந்த ‘சந்திரமுகி’யில் அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி. 2011இல் வந்த ‘காஞ்சனா’வில் நிலத்தைப் பறிகொடுத்த திருநங்கை. பேயாக வருகிறவர்கள் எல்லாம் அநியாயமாகச் செத்தவர்கள். அவர்கள் வந்து கணக்குக் கேட்கிறார்கள். கணக்குக் கேட்டால் யாருக்குப் பயம்? பங்களா வைத்திருப்பவனுக்கு. நம்மிடம் பங்களாவும் கிடையாது, கொடுக்க வேண்டிய கணக்கும் கிடையாது. ஆனால் இருட்டில் உட்கார்ந்து அவனோடு சேர்ந்து நாமும் நடுங்கிக்கிட்டு இருக்கோம்.

கடைசியில் என்ன ஆகிறது? பெரும்பாலும் ஒரு மந்திரவாதியோ டாக்டரோ வந்து பேயை அனுப்பி வைக்கிறார். ‘சந்திரமுகி’யில் ராஜாவுக்குப் பதிலாக ஒரு பொம்மையைக் கொடுத்து அவளைச் சமாதானப்படுத்துகிறார்கள். செத்தவளுக்கு நீதி என்று ஒரு பொம்மை! கொலைக்கு நஷ்டஈட்டுக் காசோலையைக் கொடுத்துவிட்டு ஃபைலை மூடுகிற நாட்டில் இது நமக்குப் புதுசு இல்லை.

‘காஞ்சனா’ எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதன் கடைசிக் காட்சி. கொன்றவன் கோயிலுக்குள் ஓடி ஒளிந்துகொள்கிறான். பேய் உள்ளே வரக் கூடாது, வாசலிலேயே நிற்கிறது. கொலைகாரனுக்கு உள்ளே இடம், எனக்கு ஏன் இல்லை என்று சாமியைப் பார்த்துக் கேட்கிறது. பிறகுதான் உள்ளே போக முடிகிறது. ராகவா லாரன்ஸ் இதை யோசித்து எடுத்தாரோ இல்லையோ, எனக்கு 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சி கோயில் வாசல் ஞாபகம் வந்தது. வைத்தியநாத ஐயரோடு கக்கனும் மற்றவர்களும் நுழைந்த வாசல். ஒரு மசாலாப் படம் தன்னையறியாமல் ஆலயப் பிரவேசக் காட்சியை எடுத்து வைத்திருக்கிறது.

இன்னொரு விஷயம். இந்தப் படங்களில் அடிக்கடி வருகிற ஓர் ஆள் உண்டு. நடுராத்திரி, சுடுகாடு, போர்த்திய கம்பளி, கையில் அரிக்கேன் விளக்கு, கறுத்த முகம். கேமரா திடீர்னு அந்த முகத்துக்குக் கிட்டே போகும், இசை அலறும், பார்க்கிறவங்களும் அலறுவாங்க. தொண்ணூறுகளின் நடுவில் எங்க காலனியில் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டபோது அந்த இடத்தில் பசங்க சிரிச்சாங்க. ஏன்னா அது எங்க தாத்தா வேஷம். பிணம் முழுசா வேகணும்னா வரட்டியை எப்படி அடுக்கணும், வைக்கோல் போட்டு மேலே எப்படி மண் பூசணும் என்று அவருக்குத்தான் தெரியும். விடிஞ்சதும் வந்து குளிச்சிட்டுக் கஞ்சி குடிப்பார். சுடுகாடு அவருக்கு வேலை செய்யற இடம். அங்கேயே படுத்துத் தூங்கின மனுஷனுக்கு, கூலி கேட்க ஊர்த்தெருவுக்குள்ள நுழையறப்ப மட்டும் குரல் மாறிப் போகும். எந்தப் பேய்ப் படமும் அந்தத் தெருவை எடுத்ததில்லை.

சரி, பயம் எப்படி உண்டாகிறது? தெரிந்த பொருள் தெரியாததாக மாறணும். 2009இல் வந்த ‘ஈரம்’ படத்தில் தண்ணீரே பேய். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் வீட்டுக் குழாயைத் திறக்க யோசித்தார்கள். 2012இல் வந்த ‘பீட்சா’வில் ஒரு டார்ச் வெளிச்சம் போதும். காட்டுவதைவிடக் காட்டாமல் வைப்பதுதான் வேலை செய்கிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நான் பார்த்த மிகப் பயங்கரமான தமிழ்ப் படம் 2018இல் மாரி செல்வராஜ் எடுத்த ‘பரியேறும் பெருமாள்’. அதில் ஒரு கிழவர் வருகிறார். பஸ்ஸில் நம் பக்கத்தில் உட்கார்ந்தால் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்போம், அப்படி ஒரு முகம். அவர் கொல்கிறார், விபத்து மாதிரி, தற்கொலை மாதிரி. அதைக் குலசாமிக்குச் செய்கிற சேவை என்று நினைக்கிறார். கோரைப்பல் இல்லை, வெள்ளைப் புடவை இல்லை. அந்தக் கிழவர் தண்டவாளத்துப் பக்கம் நடக்கிறப்ப எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது.

தண்டவாளம் என்றதும் உங்களுக்கும் பெயர்கள் ஞாபகம் வரும். 2013 ஜூலை 4, தருமபுரியில் இளவரசன். 2015 ஜூன், பள்ளிபாளையம் பக்கம் கோகுல்ராஜ். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கரை வெட்டிய காட்சியைக் கண்காணிப்புக் கேமரா பிடித்தது, டி.வி.யில் எல்லாரும் பார்த்தோம். பட்டப்பகல், கடைத்தெரு, சுற்றிலும் ஜனம். பின்னணி இசை கிடையாது. அதற்குப் பிறகு எந்தப் பேய்ப் படம் நம்மைப் பயமுறுத்தும்?

வங்கியில் என் கவுண்ட்டருக்கு ஒரு நாள் ரெண்டு பேர் வந்தாங்க. ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை. ஜாயிண்ட் அக்கவுண்ட் திறக்கணும். அப்பா பெயர் எழுதற கட்டத்தில் அந்தப் பெண்ணோட பேனா நின்னுடுச்சு. கண்ணாடிக் கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேரும் ஒண்ணாத் திரும்பிப் பார்த்தாங்க. உள்ளே வந்தது ஒரு பென்ஷன்காரர், அப்புறம் டீ கொண்டுவர பையன். அந்தக் கதவை எடுக்கத் தெரிந்த டைரக்டர்தான் நம்ம பேய்ப் படத்தை எடுக்க முடியும்.

வெளியில் இதைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. நாயகன் கறுப்பர். ராத்திரி முழுக்கப் பிணங்களோடு போராடிப் பிழைக்கிறான். விடிந்ததும் காப்பாற்ற வந்த வெள்ளைக்காரக் கூட்டம் அவனையும் பிணம் என்று சுட்டுவிடுகிறது. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட அதே வருஷம். 2017இல் ஜோர்டன் பீலே எடுத்த ‘கெட் அவுட்’டில் எல்லா ஆபத்தையும் தாண்டி வந்தவன் முன்னால் போலீஸ் விளக்கு மாதிரி ஒன்று சுழல்கிறது, படத்திலேயே அதிகப் பயம் அந்த நிமிஷத்தில்தான். பக்கத்தில் கேரளத்தில் 2024இல் ‘பிரமயுகம்’ வந்தது. தப்பி ஓடிவந்த பாணன் ஒருவன் பாழடைந்த மனைக்குள் நுழைகிறான். வீட்டுக்காரர் சோறு போடுகிறார், பாடச் சொல்கிறார். வெளியே போகத்தான் வழி இல்லை. பேயும் பங்களாக்காரனும் ஒருத்தனே என்று சொன்ன படம் அது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்ம காலனி ஒவ்வொன்றிலும் ஒரு பேய் இருக்கு. புளியமரத்துப் பேய், ஏரி மதகுப் பேய், கிணத்துப் பேய். அதற்கு ஒரு பெயர் இருக்கும், எந்த வீட்டுப் பிள்ளை என்பது கிழவிகளுக்குத் தெரியும். கிணத்தில் விழுந்தாளா, தள்ளினார்களா என்று எந்த போலீஸ் ஸ்டேஷனும் எழுதி வைத்திருக்காது. ஊர் அதைப் பேய்க்கதை என்று சொல்லிச் சிரிக்கும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு கதை எழுதிக்கிட்டு வாங்க. பெயர், வயசு, எந்த வருஷம், யார் வயலில் வேலை செய்தாள், கடைசியாக யார் பார்த்தது. படமாக எடுப்பது அப்புறம் இருக்கட்டும். முதலில் பதிவு செய்வோம்.